துணையா? தூண்டிலா?

கோரமண்டல் என்னும் பெயரைக் கேட்டவுடன் வெளியூர் அன்பர்களுக்கு நினைவில் எழுவது, சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே ஓடும் விரைவு வண்டி. தங்கவயலில் வாழும் நமக்கோ அது ஒரு சிறிய இரயில் நிலையம். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளைப்பாதையில், விடியுமுன் ஏறிப் பெங்களூரு சென்று, இருட்டியபின் வந்து இறங்கும் இடம். "கோரமண்டல் எக்ஸ்பிரஸ் கோரமண்டலுக்கு வராது, மாமா" என்று பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஒருநாள் அந்நிலையத்தில் நம்மிடம் கூறினான். கூறும்போது அவன் நம் முகத்தைப் பார்க்கவில்லை. நடைமேடையின் விளிம்பிலிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நாம் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. அது அவனுக்கு வேடிக்கைச் செய்தியன்று. பிறர் மயங்காதிருக்கச் சொல்லப்பட வேண்டிய உண்மை.

அச்சிறுவனிடமிருந்து நாம் பெற்ற வினா ஒன்றே இக்கட்டுரையின் பொருள். ஒரு பிள்ளை ஏதேனும் ஒன்றின்மீது கொண்ட அளவிறந்த விருப்பத்தை, அவனை வேறொன்றுக்கு அழைத்துச் செல்லும் கருவியாக்குவது அறமா? ஆக்கலாம் எனின், எந்த எல்லை வரை? நாம் மெய்யியல் பயின்ற பேராசிரியர் அல்லோம். இளங்கலைப் பட்டத்தோடு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளைப் புரட்டும் எழுத்தரே. ஆயினும் இவ்வினாவை நாம் நூலில் காணவில்லை. அண்டை வீட்டுத் திண்ணையில் கண்டோம். அதில் நம் பிழையும் கலந்திருந்தது. எனவே எழுதத் துணிந்தோம்.

அச்சிறுவனின் தந்தை நம்மோடு நாள்தோறும் வண்டியில் பெங்களூரு சென்று தனியார் நிறுவனம் ஒன்றில் காவற்பணி புரிபவர். பிள்ளைக்குப் பள்ளி மணியின் ஓசை பொறுக்காது, காதைப் பொத்திக்கொள்வான். ஒத்த வயதினரோடு ஆடமாட்டான். பேசினால் புத்தகம் பேசுவது போலிருக்கும். ஆனால் இரயில்களைப் பற்றி அவன் அறியாதது ஒன்றுமில்லை. 2010 டிசம்பரில் இந்திய இரயில்வே எல்லா வண்டிகளுக்கும் ஐந்திலக்க எண் வழங்கியது என்பதையும், முதல் இலக்கம் 1 அல்லது 2 எனில் நெடுந்தொலைவு வண்டி, 5 எனில் பயணிகள் வண்டி, 6 எனில் மெமு வண்டி என்பதையும் நமக்குக் கற்பித்தவன் அவனே. ஆண்டுகள் பலவாகச் சீசன் டிக்கெட் வாங்கிய நாம், ஏறும் வண்டியின் எண்ணை ஒருநாளும் நோக்கியதில்லை.

பள்ளியிலிருந்து குறைகள் வந்தவண்ணம் இருந்தன. "இது பித்து, நோட்டுப் புத்தகங்களையும் கால அட்டவணையையும் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள், மனம் தானாகப் பாடத்தின்பால் திரும்பும்" என்று தந்தைக்கு அறிவுரை கூறியவர் யார்? வேறு எவருமல்லர், நாமே. நல்லெண்ணத்தோடுதான் கூறினோம். அவரும் அவ்வாறே செய்தார். பாடத்தின்பால் மனம் திரும்பவில்லை, பேச்சு நின்றது. மூன்று வாரம் அப்பிள்ளை வாய் திறக்கவில்லை. ஒருநாள் மாலை அவன் தாய் நம் வீட்டு வாயிலில் வந்து நின்று, "அண்ணா, அவன் படிக்கவே வேண்டாம், பேசினால் போதும்" என்றார். நல்லெண்ணம் ஒருவனுக்கு எவ்வளவு தீங்கு இழைக்க இயலும் என்பதை அன்று அறிந்தோம். அன்றிரவே பெட்டி திறக்கப்பட்டது.

பின்னர்ப் பெங்களூருவில் மருத்துவர்கள் ஆராய்ந்து, இது ஆட்டிசம் என்னும் தொகுதியைச் சார்ந்தது என்றனர். முதிய மருத்துவர் ஒருவர், "முன்பு இதனை ஆஸ்பெர்கர் குறைபாடு என்போம்" என்றார். அப்பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. வியன்னா நகரின் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதினார். 1981இல் ஆங்கில மருத்துவர் லோர்னா விங் அதனை உலகறியச் செய்து அவர் பெயரை நிலைநாட்டினார். 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் வகைப்பாட்டு நூலில் இடம்பெற்ற அப்பெயர், 2013இல் நீக்கப்பட்டு, ஆட்டிசம் என்னும் பொதுப்பெயருள் அடங்கிற்று. பெயர் மறைந்தாலும் பிள்ளைகள் மறையவில்லை. சொல்வன்மையும் அறிவும் குன்றாதிருந்தும், பிறர் மனக்குறிப்பை உணர்வதில் இடர்ப்பட்டு, ஒரு பொருளில் ஆழ்ந்து திளைக்கும் இளைஞர் நம் தெருக்களில் இன்றும் இருக்கின்றனர்.

அந்த ஆழ்ந்த விருப்பத்தை நோயின் அறிகுறி என்று ஒதுக்குவதா, வளர்ச்சிக்கு வழி என்று கொள்வதா? அறிஞர் பலர் இன்று இரண்டாவதையே கூறுகின்றனர். 2007இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று, இத்தகைய இளைஞர் தம் விருப்பப் பொருளைப் பற்றிப் பேசுங்கால், அவர்தம் சொல் தெளிவடைவதையும், தன்னம்பிக்கை கூடுவதையும் எடுத்துக்காட்டிற்று. நியூயார்க் நகரில், கைவிடப்பட்ட சுரங்க இரயில் நிலையம் ஒன்றிலேயே அமைந்த போக்குவரத்து அருங்காட்சியகம், இரயிலை விரும்பும் ஆட்டிசச் சிறுவர்களை ஒன்றுகூட்டி, இரயில் வழியாகவே நட்புப் பழக ஒரு திட்டம் நடத்தி வந்துள்ளது. டெம்பிள் கிராண்டின் என்னும் அம்மையார் இளமையில், கால்நடைகளை அசையாமல் நிறுத்தும் இறுக்குச் சட்டத்தின்மீது தீராத நாட்டம் கொண்டு, தமக்கென ஒன்று செய்துகொண்டார். பிறர் அதனை அகற்ற முயன்றபோது, அவருடைய அறிவியல் ஆசிரியர் வில்லியம் கார்லாக், "அது உன்னை ஏன் அமைதிப்படுத்துகிறது என்பதை ஆராய்ந்து பார்" என்னும் வகையில் அவரை அறிவியலின்பால் ஆற்றுப்படுத்தினார். அவரே பின்னாளில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் துறைப் பேராசிரியரானார்.

இவற்றைச் செவியுற்ற நாமும் ஊக்கம் கொண்டோம். பங்காருப்பேட்டை நிலையப் பலகையில் கன்னடம், அங்கிருந்து கிழக்கே சென்றால் குப்பத்தில் தெலுங்கு, ஜோலார்பேட்டையில் தமிழ். ஒரே தண்டவாளத்தில் மூன்று மாநிலம், மூன்று எழுத்து! பள்ளியில் கன்னட எழுத்தைக் கண்டு அஞ்சிய பிள்ளை, நிலையப் பெயர்ப் பலகைகளின் வழியே அதனைக் கற்றான். காலமும் தொலைவும் பற்றிய கணக்குகளைக் கால அட்டவணையிலிருந்தே அமைத்தோம். வகுப்பில் பின்தங்கியவன் முன்வரிசைக்கு வந்தான். நமக்கோ பெருமிதம். பெருமிதம் வந்தவிடத்துப் பேராசையும் வந்தது. "பத்துக் கணக்கு முடித்தால்தான் அட்டவணை தருவேன்; கன்னடப் பாடம் எழுதினால்தான் நிலையத்துக்குப் போகலாம்" என்று விதித்தோம். அவனும் கணக்கை முடித்தான், பாடத்தை எழுதினான்.

ஒருநாள் வழக்கம்போல், "யஷ்வந்தபுரத்திலிருந்து புறப்படும் வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில்..." என்று தொடங்கினோம். அவன் எழுதுகோலைக் கீழே வைத்தான். "மாமா, உங்களுக்கு இரயில் பிடிக்காது. கணக்குக்காகத்தான் இரயிலைப் பற்றிக் கேட்கிறீர்கள்" என்றான். குரலில் சினமில்லை, குற்றச்சாட்டும் இல்லை. விரைவு வண்டி கோரமண்டலுக்கு வராது என்று கூறிய அதே குரல். அது முழு உண்மையாயிருந்தது. நம்மிடம் மறுமொழி இல்லை.

அன்றுமுதல் இவ்வினா நம்மை விடவில்லை. பூட்டி வைத்தது பிழை என்பது தெளிவு. திறந்து கொடுத்ததும் பிழையாகுமோ? மீனுக்குப் புழு கொடுப்பவன் இருவகை. ஒருவன் குளக்கரையில் அமர்ந்து பொரி தூவுகின்றான். மற்றொருவன் புழுவினுள் முள்ளை மறைக்கின்றான். தூரத்திலிருந்து பார்ப்பார்க்கு இருவரும் மீனுக்கு உணவளிப்பவரே. நாம் யார்? ஜெர்மானிய மெய்யியலார் கான்ட் 1785இல் எழுதிய நூலில், மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் கொள்ளாது, அவனையே முடிவான நோக்கமாகவும் கொள்ள வேண்டும் என்று நிறுவினார். பிள்ளையை நாம் கருவியாக்கவில்லை என்பது மெய். அவன் நலமே நம் நோக்கம். ஆனால் அவன் அன்பைக் கருவியாக்கினோம். ஒருவனுடைய அன்பு அவனிலிருந்து வேறானதா?

இங்கே ஒரு தடை எழும். எந்தத் தாய்தான் இதனைச் செய்யவில்லை? நிலாவைக் காட்டிச் சோறூட்டுவது நம் வீடுகளில் வழிவழி வந்த வழக்கமன்றோ? அதுவும் தூண்டிலா? இத்தடையை நெடுநாள் எண்ணிப் பார்த்தோம். விடையும் அதனுள்ளேயே இருந்தது. நிலாவைக் காட்டும் தாய் தானும் நிலாவைப் பார்க்கின்றாள். "உண்ணாவிடில் நிலாவை எடுத்துவிடுவேன்" என்று அவள் சொல்வதில்லை, சொல்லவும் இயலாது. சோறு முடிந்தபின்னும் நிலா வானிலேயே இருக்கின்றது. ஆகவே அங்கு நிலா கூலியன்று. தாயும் சேயும் ஒருங்கே காணும் பொருள். நாமோ நிலாவைப் பெட்டியில் வைத்துச் சாவியை மடியில் முடிந்துகொண்டோம். முன்பு முழுதும் பூட்டினோம். பின்பு வேளைக்கு வேளை திறந்தோம். சாவி நம்மிடமே இருந்தது.

துணைக்கும் தூண்டிலுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வுவமை கொண்டு மூவகையாகப் பகுத்துரைக்கலாம். முதலாவது, பிள்ளையின் விருப்பப்பொருள் பறிக்கத்தக்க கூலியாகக் கூடாது. பாடம் கற்றாலும் கல்லாவிடினும் அது அவனுடையது. இரண்டாவது, அவ்விருப்பத்தினுள் நாமும் சிறிதேனும் நுழைந்து காண வேண்டும். பாலம் என்றால் இருபுறமும் நடக்கலாம். அவன் மட்டுமே நம் கரைக்கு வரவேண்டும் என்பது பாலமன்று, ஒருவழிப்பாதை. மூன்றாவது, அவன் விருப்பத்தின் ஒரு பகுதி எப்பயனுக்கும் ஆளாகாமல் எஞ்சியிருக்க வேண்டும். கணக்காகாத, மொழிப்பாடமாகாத, தேர்வாகாத இரயில் ஒன்று அவனுக்காக ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும்.

மூன்றாவதைக் குறித்துச் சிலர் ஐயுறுவர். "காலம் கொடியது, பெற்றோர் என்றும் இரார், நாளை பிழைப்புக்கு வழி தேடாமல், பயனற்ற விருப்பத்துக்கு இடங்கொடுக்கலாமா?" என்பர். வேரை விட்டு வந்து உழைப்பினாலேயே நிலைபெற்ற நம் குடும்பங்களில் இவ்வையம் நியாயமானது. பயன் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பயன் ஒன்றையே அளவுகோலாக்கினால் எங்குச் சென்று முடியும் என்பதையே நினைவூட்ட விரும்புகின்றோம்.

ஆஸ்பெர்கரின் வரலாறே அதற்குச் சான்று. இச்சிறுவர்களின் தனித்த நாட்டம் அவர்களை உயர்ந்த தொழில்களில் நிறுத்தக்கூடும் என்று எழுதிய அதே மருத்துவர், நாஜி ஆட்சியில் வேறு சில குழந்தைகளை 'அம் ஸ்பீகல்குருண்ட்' என்னும் நிலையத்துக்கு அனுப்பினார் என்பதை 2018இல் வரலாற்றறிஞர் ஹெர்விக் செக் ஆவணங்களோடு வெளியிட்டார். அந்நிலையத்தில் ஏறத்தாழ 800 குழந்தைகள் மாண்டனர். ஆஸ்பெர்கர் அனுப்பிய சிறுமியர் இருவரும் அங்கேயே இறந்தனர். பயன்படும் விருப்பம் உடைய பிள்ளைக்குப் பாராட்டு. பயன்படாது என்று முடிவு கட்டப்பட்ட பிள்ளைக்குச் சாவு. "இவன் விருப்பம் நாட்டுக்கு உதவும், ஆதலால் இவனைக் காப்போம்" என்னும் வாதம் கேட்க இனிது. அதன் மறுபக்கத்தில் நிற்கும் குழந்தையை எண்ணினால்தான் அதன் கொடுமை புலப்படும்.

தங்கவயலார்க்கு இதனை விளக்கவும் வேண்டுமா? நம் பாட்டன்மார் வடார்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் இங்கு வந்தனர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே ஆழ்ந்த சுரங்கத்திலிருந்து பாறை மேலே வந்தது, அரைபட்டது, ஒரு டன் பாறையிலிருந்து சில கிராம் பொன் பிரிக்கப்பட்டது, எஞ்சியதெல்லாம் கொட்டப்பட்டுச் சயனைடு மேடுகளாயிற்று. அம்மேடுகள் இன்றும் நம் கண்முன் நிற்கின்றன. பாறையை அவ்வாறு நடத்தலாம். மனிதனை நடத்தலாமா? 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது, இலாபமில்லை என்னும் ஒரு சொல்லால் நம் மக்களும் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டனர். கழிக்கப்படுவதன் வலியை அறிந்த நாம், நம் பிள்ளையிடமிருந்து பொன்னை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மேடாகக் கொட்டலாமா?

இதே சுரங்கத்தின் ஆழத்தில் 1965இல் டாடா ஆராய்ச்சி நிறுவன அறிஞரும் வெளிநாட்டு அறிஞரும் கருவிகளை நிறுவி, எப்பொழுதோ ஒருமுறை தோன்றும் நியூட்ரினோவின் தடத்துக்காகத் திங்கள் கணக்கில் காத்திருந்தனர், கண்டும் காட்டினர். ஒன்றையே நோக்கியிருத்தல் அறிஞரிடத்தில் தவம் எனப்படுகின்றது. நம் தெருப்பிள்ளையிடத்தில் மட்டும் பித்து எனப்படுவானேன்?

இவ்விடத்தில் கணித மேதை இராமானுசனை அன்பர் பலர் நினைவுகூர்வர். கணிதம் ஒன்றிலேயே மூழ்கியமையால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார், எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் நம்மைப் போன்ற எழுத்தரானார். அவர் விருப்பத்தை மதித்த மேலதிகாரிகள் அங்கு இருந்தனர். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிற்று. அவருக்கு இன்ன குறை இருந்தது என்று இன்று நாம் முடிவு கூறுதல் தகாது. அது நம் நோக்கமுமன்று. அவ்வரலாற்றிலிருந்து, "நம் பிள்ளையும் இராமானுசன் ஆவான்" என்று பாடம் கற்பது அப்பிள்ளையின் தோளில் மலையை ஏற்றுவதாகும். கற்க வேண்டிய பாடம் வேறு: அவர் புகழடையுமுன்னரே, பயன் இன்னதென்று தெரியுமுன்னரே, அவர் தாளில் எழுதியதைப் பொறுமையோடு நோக்கிய சிலர் இருந்தனர் என்பதே. திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்றே ஓர் அதிகாரம் உண்டு. ஆளின் தன்மையை அறிந்து வினையை ஒப்படைக்கும் நெறி அது. வினைக்காக ஆளை வளைப்பதற்கும், ஆளை அறிந்து வினையைத் தேர்வதற்கும் உள்ள தொலைவு பெரிது.

விருப்பத்தை மதித்தல் என்பது அனைத்தையும் விட்டுக்கொடுத்தலன்று. தண்டவாளத்தின் அருகே செல்லலாகாது என்பதில் இரக்கத்துக்கு இடமில்லை. கேட்பவர் களைத்தபின்னும் பேசிக்கொண்டிருத்தல் அவருக்குத் துன்பம் என்பதையும் அவன் கற்கத்தான் வேண்டும். அதனையும் அவன் மொழியிலேயே கூறினோம்: "ஒரே பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வரக்கூடாது. ஒன்று நிலையத்தில் நின்றால்தான் மற்றொன்று செல்லும். பேச்சும் அப்படியே." அவன் சிறிது எண்ணி, "அப்படியானால் சிக்னல் வேண்டும்" என்றான். அன்றுமுதல் நாம் கையை உயர்த்தினால் அவன் நிறுத்துவான். அவன் உயர்த்தினால் நாம் நிறுத்துவோம். இந்த இரண்டாம் பகுதியை அவனே விதித்தான். நீதி என்பதை நம்மினும் நன்கு அறிந்தவன்.

நாமும் மாறினோம். கணக்கு ஏதுமின்றி, ஞாயிறுதோறும் அவனோடு நிலையத்துக்குச் செல்லலானோம். தொடக்கத்தில் கடமைக்காகவே சென்றோம் என்பதை மறைப்பதற்கில்லை. சில திங்கள் கழித்து, தொலைவில் வரும் வண்டியின் ஓசையைக் கேட்டு நாமே முந்தி எழுந்து நின்றோம். "மாமா, இப்போது உங்களுக்குக் கொஞ்சம் பிடிக்கிறது" என்றான். அலுவலகத்தில் பெற்ற எந்தப் பாராட்டும் நமக்கு அவ்வளவு மகிழ்ச்சி தந்ததில்லை.

இன்று அவனுக்கு வயது 18. பியூசி தேறி, மேலே படிக்கின்றான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகையுள் ஆட்டிசத்தையும் சேர்த்துள்ளது. அரசுப் பணியில் 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டில், ஆட்டிசம் உள்ளிட்ட சில வகையினர்க்குச் சேர்த்து 1 விழுக்காடு உண்டு. இதனை அறியாத பெற்றோர் நம்மிடையே பலர். சான்றிதழ் பெறக் கூசுவோரும் பலர். கூச்சம் விட்டு உரிமையைக் கேட்டுப் பெறுக என்று எழுத்தர் என்ற முறையில் வேண்டிக்கொள்கின்றோம். ஆயினும் சட்டம் நாற்காலியைத் தரும். பக்கத்து நாற்காலியில் அமர்வோரின் பொறுமையைச் சட்டம் தராது. அதனை நாம்தான் தரவேண்டும்.

அவனுக்கு வேலை கிடைக்குமா? அவன் தாயின் கவலை இன்னும் தீரவில்லை. நம் கவலையும் தீரவில்லை. கிடைக்காவிடினும் அவன் கற்றதும் நேசித்ததும் வீணாகா என்பதில் மட்டும் நமக்கு இப்பொழுது ஐயமில்லை. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ, ஓயாமல் ஒன்றையே பேசும் பிள்ளை ஒருவன் இருப்பானாயின், அவனை எதற்குப் பயன்படுத்தலாம் என்று எண்ணுமுன், ஒரு மாலைப்பொழுதேனும் அவன் அருகில் அமர்ந்து, அவன் காட்டும் பொருளைப் பாருங்கள். அவன் உங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசக்கூடும். அதனால் என்ன? இருவரும் ஒரே திசையை நோக்கிக்கொண்டிருப்பீர்கள்.